மாடி வீட்டுக்கு வேகமான, நிலையான இன்டர்நெட்: ஃபைபர் பெட்டி முதல் மாடி ரூம் வரை முழு வழிகாட்டி

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தும் மாடி ரூமில் 15தான் வருகிறது என்றால், பலரும் அடுத்து செய்வது 500 பிளானுக்கு மாறுவது. மாறின பிறகும் மாடியில் அதே 15 வரும். வாசல் வரை ஃபைபரில் ஒழுங்காக வந்த வேகம், ஹாலில் இருக்கும் பெட்டியைத் தாண்டியதும் செங்கல் சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் காணாமல் போகிறது. மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் பணத்தில் 80 மீட்டர் நல்ல கேபிள் வாங்கி இழுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை பல வருடத்துக்குத் திரும்ப வராது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்: முதலில் வயர், அப்புறம் வைஃபை.

கணக்கில் எடுத்துக்கொண்ட வீடு: கீழ்த்தளமும் ஒரு மாடியும், தளத்துக்குச் சுமார் ஆயிரம் சதுர அடி, வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம், நடுவில் மாடிப்படி. ஊரில் நாம் பார்க்கும் சாதாரண வீடு. ஃபிளாட்டில் இருப்பவர்கள் மாடி சம்பந்தப்பட்டதை விட்டுவிட்டு மீதியைச் செய்யலாம்.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு லேப்டாப், ஒரு கேட்6 பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள சின்ன லேன் கேபிள்; கேட்6 என்பது கேபிளின் தர வகை) போதும். ஃபைபர் பெட்டியின் முதல் லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகி, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். 300 பிளானுக்கு 280க்கு மேல் வந்தால் கம்பெனி தர வேண்டியதைத் தருகிறது. காலையில் ஒருமுறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஜிபான் வகை ஃபைபரில் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ் இறங்கு வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளும். ராத்திரி மட்டும் பாதியாகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் தெருப் பக்கம்.

எத்தனை தடவை போட்டாலும் 94, 95 என்றே நிற்கிறதா? எங்கோ ஒரு இடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. கேபிளில் ஒரு கம்பி போயிருக்கலாம். சில மலிவுப் பெட்டிகளில் முதல் போர்ட் மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100தான். போர்ட்டை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லாமல் அடாப்டர் போடுகிறவர்கள் அது யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டரா என்று பார்க்க வேண்டும். பழைய யுஎஸ்பி 2 அடாப்டர்கள் பெரும்பாலும் 100 வகை.

டவுன்லோடு விண்டோவில் 37 என்று காட்டுகிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது மெகாபைட், பிளானில் சொல்வது மெகாபிட். எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 300 வந்துவிடும்.

அடுத்து ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு ரூம் ரூமாக நடங்கள். கதவைச் சாத்திவிட்டு அளக்க வேண்டும்; வீடியோ கால் பேசும்போது கதவு சாத்தித்தானே இருக்கும். ஒரு தாளில் வீட்டின் பிளானை வரைந்து வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டுக்கும் டிபிஎம் எண்ணைக் (சிக்னலின் பலம்; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 50லிருந்து 60 வரை நல்ல சிக்னல். மைனஸ் 67க்குக் கீழே போனால் வீடியோ கால் தடுமாறும். மைனஸ் 80 என்றால் கோடு காட்டும், வேலை செய்யாது. பிறகு என்ன செய்தாலும் இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஃபைபர் பெட்டி எங்கே இருக்க வேண்டும்

லைன் போட வருபவர் ஜன்னல் பக்கம் ஓட்டை போட்டு, அதற்கு நேர் கீழே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அவருக்கு அது சுலபம். நமக்கோ பாதி சிக்னல் தெருவுக்குப் போய்விடும். டிரில் எடுக்கும் முன்பே சொல்லுங்கள்: பெட்டி மாடிப்படிக்குப் பக்கத்தில், வீட்டின் நடுவில் வர வேண்டும் என்று. 10 மீட்டர் கூடுதல் ஃபைபரில் வேகம் துளியும் குறையாது.

ஃபைபரை எடுத்துப் போகும்போது மூன்று விஷயம். வளைவு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது; சுவர் மூலையில் நறுக்கென்று மடித்து ஆணி கிளிப் அடித்தால் அந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். மிச்சக் கேபிளைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருட்டி வையுங்கள், கைப்பிடிக்குள் சுருட்டாதீர்கள். இரண்டாவது, தெருவிலிருந்து வரும் கறுப்பு டிராப் கேபிளுக்குள் பெரும்பாலும் இரும்புக் கம்பி இருக்கும். 'ஃபைபர்தானே, ஷாக் அடிக்காது' என்று அதைக் கரண்ட் வயர் போகும் பைப்பில் விடுவது ஆபத்து. மூன்றாவது, கனெக்டரின் நிறம். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை சாய்வில்லாதது. ஒன்றோடொன்று சொருக முடியும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து சிக்னல் அடிபடும். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியின் லாகின் பக்கத்தில் ஆப்டிகல் விவரம் என்று ஒரு இடம் இருக்கும். அதில் பெறும் ஒளியின் அளவு டிபிஎம்மில் காட்டும். சாதாரணப் பெட்டிகள் மைனஸ் 8லிருந்து மைனஸ் 27 வரை ஏற்கும். மைனஸ் 15லிருந்து 24க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்றால் இன்று ஓடும், மழை பெய்தால் அறுந்து அறுந்து வரும். லைன் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

சொந்த ரூட்டர் வேண்டுமா?

200 எம்பிபிஎஸ் வரை, பத்துப் பதினைந்து கருவிகள் என்றால் கம்பெனி கொடுத்த பெட்டியே ரூட்டராக இருக்கட்டும். அதன் வைஃபை சுமாராக இருந்தால் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டுத் தனி ஆக்ஸஸ் பாயின்ட் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் கருவி) போட்டுக்கொள்ளலாம்.

சொந்த ரூட்டர்தான் என்று முடிவெடுத்தால் கம்பெனியிடம் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் நெட்டை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லுங்கள். நெட்டில் லாகின் ஆகத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனை அடையாளம் காட்டும் விலான் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பிரிட்ஜ் தர மாட்டோம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. அப்போது உங்கள் ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். இரண்டும் ரூட்டராக ஓடினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும்: கீழே இருக்கும் பிரிண்டர் மாடி லேப்டாப்புக்குத் தெரியாது, டிவிக்கு போனிலிருந்து காஸ்ட் பண்ண முடியாது, ஆன்லைன் கேமில் குரல் வராது.

வெளியூரிலிருந்து நேரடியாக வீட்டு கேமரா பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் செட்டிங்) போடப் பார்ப்பவர்கள் முதலில் ரூட்டரின் வான் பக்கத்து, அதாவது வெளி நெட் பக்கத்து, ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64லிருந்து 100.127க்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். எந்த செட்டிங்கை மாற்றினாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மாறாத தனி முகவரியான ஸ்டேட்டிக் ஐபி காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாகவோ கேமரா கம்பெனியின் கிளவுட் வழியாகவோ போக வேண்டும்.

வயர் இழுப்பது

நகராத எதுவும் வயரில் இருக்கட்டும்: டிவி, மேஜை கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர், ஆக்ஸஸ் பாயின்ட். இவை வைஃபையை விட்டு வெளியேறினாலே போன்களுக்கு இடம் காலியாகும்.

எல்லாக் கேபிளும் ஒரே இடத்திலிருந்து, அதாவது ஃபைபர் பெட்டியும் நெட்வொர்க் சுவிட்சும் (ஒரு லேன் இணைப்பைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் பெட்டி) இருக்கும் இடத்திலிருந்து, தனித்தனியாகக் கிளம்ப வேண்டும். டிவிக்குப் போய் அங்கிருந்து அடுத்த ரூமுக்கு என்று சங்கிலி போட்டால், நடுவில் ஒன்றை யாராவது கழற்றும்போது பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும்.

நம் கணக்கு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள்:

- கேட்6 முழுச் செம்பு கேபிள், 80 மீட்டர். மாடி ஆக்ஸஸ் பாயின்ட்டுக்கு 20, மாடி மேஜைக்கு 18, கீழ் மேஜைக்கு 15, டிவிக்கு 12 என 65 மீட்டர் ஆகும். மீதி வளைவுக்கும் வெட்டுக்கும்.
- 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று. 5 போர்ட் போதும் என்று தோன்றும், ஆறு மாதத்தில் நிறைந்துவிடும்.
- வைஃபை 6 ஆக்ஸஸ் பாயின்ட் இரண்டு, தளத்துக்கு ஒன்று.
- சுவர் ஜாக்கும் பிளேட்டும் நான்கு, ஃபேக்டரியில் செய்த பேட்ச் கார்டு எட்டு.
- 25 மில்லிமீட்டர் பிவிசி பைப், தேவையான நீளம். ஒரு பைப்பில் நான்கு கேட்6 தாராளமாகப் போகும்.
- பிளக் அடிக்கும் கிரிம்பிங் டூல், ஜாக்கில் கம்பியை அழுத்தும் பஞ்ச் டவுன் டூல், எட்டு லைட் கேபிள் டெஸ்டர்.

கேபிள் வாங்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் கேட்6 என்று அச்சடித்திருக்கும், உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருக்கும். கடையிலேயே ஒரு துண்டு வெட்டச் சொல்லி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். செம்பு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். முலாம் என்றால் உள்ளே வெள்ளை தெரியும். விரலால் நான்கைந்து தடவை முன்னும் பின்னும் மடித்தால் அலுமினியம் சீக்கிரம் ஒடியும். சுருளைக் கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். முலாம் கம்பி முதல் வருடம் ஓடும். ஜாக்கில் அழுத்திய இடத்தில் கம்பி தளர்ந்து, துரு ஏறி, ஒருநாள் 1000லிருந்து 100க்கு இறங்கும். கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ கருவி போட்டால் கேபிள் சூடாகும். சுவருக்குள் போன பிறகு மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை யோசித்தால், மீட்டருக்குச் சில ரூபாய் அதிகம் கொடுப்பது பெரிதல்ல.

கேட்6ஏ, கேட்7 எதற்கும் அவசியம் இல்லை. சாதாரண கேட்5இ கூட 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ் கொண்டுபோகும். பழைய நல்ல கேட்5இ சுவருக்குள் இருந்தால் பிடுங்காதீர்கள். கேட்6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ்ஸும் தாங்கும். வீட்டுக்குள் அதற்கு மேல் தூரம் ஏது?

சுவரை உடைக்காமல் வழி கிடைக்குமா என்று பாருங்கள். பழைய கேபிள் டிவி வயர் அல்லது டெலிபோன் வயர் போகும் பைப் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. ஒரு முனையை அசைத்தால் மறுமுனை அசைகிறதா என்று சோதியுங்கள். அசைந்தால், பழைய வயரின் முனையோடு புது கேபிளைப் படிப்படியாகத் தடிமன் ஏறும்படி டேப் சுற்றிக் கட்டுங்கள். முடிச்சு போட்டால் வளைவில் மாட்டும். கேபிளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி, ஒருவர் இந்தப் பக்கம் ஊட்ட, இன்னொருவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு கையால் சாதாரணமாக இழுக்கும் விசைக்கு மேல் போடாதீர்கள். உள்ளே முறுக்கு குலைந்தால் வெளியே தெரியாது, வேகத்தில் தெரியும்.

230 வோல்ட் வயர் போகும் பைப்பில் லேன் கேபிளைச் சேர்த்து விடச் சொல்லும் எலக்ட்ரீஷியன் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். இரைச்சல் அப்புறம், எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் லேப்டாப்புக்கு வந்துவிடும். தனிப் பைப், இணையாகப் போகும் இடத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாக.

மொட்டை மாடி வழியாகவோ வெளிச்சுவரிலோ போனால் வெயில் தாங்கும் கறுப்பு வெளிப்புறக் கேபிள் வேண்டும். சாம்பல் நிற உள்கேபிள் வெயிலில் வெடித்துத் தண்ணீர் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் மாடியில் ஓடும் செம்புக் கேபிள் வழியாகப் பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சி உள்ளே வந்து சுவிட்ச், டிவி, ரூட்டர் எல்லாவற்றின் லேன் போர்ட்டையும் ஒரே நொடியில் காலி செய்யும். பின்கட்டு, அவுட்ஹவுஸ் என்று தனிக் கட்டடத்துக்குப் போவதானால் உலோகம் இல்லாத ஃபைபர் கேபிளும் இரு முனையில் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வர்ட்டரும்தான் சரி.

முனை போடுவது

சுவருக்குள் போகும் கேபிள் கெட்டிக் கம்பி. அதில் நேராகப் பிளக் அடித்து, தினமும் பிடுங்கிச் சொருகினால் கழுத்தில் ஒடியும். சுவரில் ஜாக், அங்கிருந்து கருவிக்கு மெல்லிய பேட்ச் கார்டு என்பதே முறை. ஆக்ஸஸ் பாயின்ட், கேமரா போல ஒருமுறை சொருகி விட்டுவிடும் இடத்தில் மட்டும் பிளக் அடிக்கலாம்.

1. வெளி உறையை 3 சென்டிமீட்டர் உரியுங்கள். உள் கம்பிகளில் கீறல் விழுந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப உரியுங்கள்.
2. டி568பி என்ற வழக்கமான நிற வரிசை, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, கேபிள் நம் பக்கம் வர, இந்த வரிசை. இரண்டு முனையிலும் இதேதான்.
3. கம்பிகளை நேராக்கி 13 மில்லிமீட்டர் விட்டு நறுக்கென வெட்டுங்கள். அதற்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது.
4. பிளக்கின் நுனியில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரியும் வரை தள்ளுங்கள். வெளி உறை பிளக்கின் பூட்டுக்குள் வந்திருக்க வேண்டும். கம்பிகள் மட்டும் உள்ளே போய் உறை வெளியே நின்றால் இழுத்ததும் கழன்றுவிடும்.
5. கிரிம்ப் செய்து டெஸ்டரில் போடுங்கள்.

டெஸ்டரில் 4, 5, 7, 8 இவற்றில் ஏதாவது எரியவில்லை என்றால் அந்தக் கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில்தான் ஓடும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

இதில் டெஸ்டரையே ஏமாற்றும் ஒரு தப்பு இருக்கிறது. நான்கு ஜோடிகளையும் அப்படியே வரிசையாக, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று இரு முனையிலும் ஒரே மாதிரி அடிப்பார்கள். எட்டு லைட்டும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டியது, இதில் வேறு வேறு ஜோடியின் கம்பிகளாகிவிடும். முறுக்கு இருப்பதே ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அழிப்பதற்குத்தான். அது போனால் 2 மீட்டர் கேபிளில் ஓடும், 20 மீட்டரில் இணைப்பு விட்டு விட்டு வரும். 'டெஸ்டரில் சரி, நெட் வரவில்லை' என்றால் முதலில் பிளக்கின் கண்ணாடி வழியே நிற வரிசையைப் பாருங்கள்.

வைஃபையை வைக்கும் இடம்

ஆக்ஸஸ் பாயின்ட் கூரையில் அல்லது சுவரின் மேல்பகுதியில், தளத்தின் நடுவில். மாடிப்படிக்கு மேலே உள்ள கூரை அருமையான இடம், அங்கிருந்து எல்லா ரூம் கதவும் தெரியும். டிவி யூனிட்டின் பின்னால், பரணில், பீரோவுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் மேல், மீன் தொட்டி பக்கத்தில் வைக்கவே வேண்டாம். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடுவதால் சமையலறையை ஒட்டி வைத்தால் டீ சூடு பண்ணும்போதெல்லாம் கால் கட்டாகும்.

ஒரே ஒரு சக்திவாய்ந்த ரூட்டர் வாங்கி ரெண்டு தளத்தையும் மூடிவிடலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு. எட்டு ஆன்டெனா இருந்தாலும் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவது கஷ்டம். தாண்டினாலும் போனின் சின்ன ஆன்டெனா திரும்பப் பேசுவது ரூட்டருக்குக் கேட்காது. தவிர, நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், தலைக்கு மேலே குறைவு. தளத்துக்கு ஒரு சாதாரண ஆக்ஸஸ் பாயின்ட் வயரில் இருப்பது மேல்.

வயர் இழுக்கவே வழியில்லாத வாடகை வீடு என்றால் மூன்று பேண்ட் மெஷ் செட் (தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் பல யூனிட்) வாங்குங்கள். இரண்டாவது யூனிட்டை சிக்னல் இல்லாத ரூமில் வைப்பதுதான் வழக்கமான தப்பு. அதற்கே சிக்னல் வராத இடத்தில் இருந்து அது எதைக் கொடுக்கும்? முதல் யூனிட்டிலிருந்து மைனஸ் 60 அளவு கிடைக்கும் பாதி வழியில் வையுங்கள். மலிவான எக்ஸ்டெண்டர்கள் ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதிக்கும் கீழே போகும். கரண்ட் பிளக் வழியே நெட் அனுப்பும் அடாப்டர்கள் த்ரீ ஃபேஸ் வீடுகளில், ஒரு ரூம் ஒரு ஃபேஸிலும் அடுத்தது வேறு ஃபேஸிலும் இருந்தால், ஏமாற்றமாகத்தான் முடியும்.

பழைய ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக மாற்றுவது

பரணில் நல்ல ரூட்டர் கிடந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. செட்டிங்கில் ஆக்ஸஸ் பாயின்ட் மோட் இருந்தால் ஒரே கிளிக். இல்லாவிட்டால்:

1. அதை வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்காமல், லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணைத்து ரீசெட் செய்யுங்கள்.
2. மெயின் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள்.
3. கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள்.
4. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் மெயினில் உள்ளபடியே போடுங்கள். சேனல் மட்டும் வேறு.
5. மெயினிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள்.

மூன்றாவது படியை மறந்தால் வரும் நோய் வினோதமாக இருக்கும். சில போனில் நெட் வரும், சிலதில் 'கனெக்ட் ஆகியிருக்கிறது, இன்டர்நெட் இல்லை' என்று வரும். அணைத்துப் போட்டால் ஆள் மாறி வரும். இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுப்பதுதான் காரணம். நெட் வராத போனில் கேட்வே (நெட்டுக்குப் போகும் வழியாகப் போன் எடுத்துக்கொண்ட ரூட்டரின் முகவரி) 192.168.1.2 என்று காட்டினால் திருடன் அகப்பட்டான்.

சேனல், அகலம், சக்தி

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. 40 போட்டால் பக்கத்து வீட்டோடு மோதும். சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானது. 3 அல்லது 9 காலியாகத் தெரிகிறதே என்று போகாதீர்கள், இரண்டு பக்கமும் இடி வாங்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். கீழே சேனல் 36, மாடியில் 149. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு முன்னுரிமை தர வேண்டிய சேனல்கள்: பயன்படுத்தும் முன் ரூட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், நடுவில் ரேடார் தட்டுப்பட்டால் உடனே காலி செய்ய வேண்டும். விமான நிலையம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 'அடிக்கடி ஒரு நிமிடம் வைஃபை மறைகிறது' என்றால் இதுதான். அடுக்குமாடியில் 36ம் 149ம் நெரிசல் என்றால் மட்டும் இவற்றை முயலுங்கள்.

2.4இன் சக்தியைக் குறைந்த அளவிலும் 5இன் சக்தியை அதிகத்திலும் வையுங்கள். எந்த ஆக்ஸஸ் பாயின்ட்டோடு ஒட்டுவது என்று முடிவெடுப்பது போன்தான். 2.4 கத்திக்கொண்டே இருந்தால், மாடி ஏறின பிறகும் போன் கீழே உள்ளதையே பிடித்துத் தொங்கும்.

வைஃபை 6 போனில் 1201 எம்பிபிஎஸ் என்று இணைப்பு வேகம் காட்டினால் பக்கத்தில் நின்றாலும் நடைமுறையில் 600லிருந்து 800 வரைதான் எதிர்பார்க்கலாம். அது குறையல்ல.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு. பாஸ்வேர்டு இல்லாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை அணையுங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து ரூட்டரைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை மூடுங்கள். ஸ்மார்ட் பல்பு, மலிவு கேமரா எல்லாவற்றுக்கும் 2.4இல் மட்டும் ஓடும் தனிப் பெயரில் கெஸ்ட் நெட்வொர்க். அதில் டபிள்யூபிஏ2 மட்டும். பல்பு ஒட்டவே மாட்டேன் என்று அடம் பிடிப்பது பாதி நேரம் டபிள்யூபிஏ3யால்தான்.

கரண்ட் போனாலும் நெட்

பெட்டிகளின் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். ஃபைபர் பெட்டி, ஆக்ஸஸ் பாயின்ட் இரண்டும் சேர்ந்து 15 வாட், சுவிட்ச் 3 வாட் என்று வையுங்கள். 2500 எம்ஏஹெச் செல் மூன்று உள்ள மினி யுபிஎஸ்ஸில் சுமார் 28 வாட் மணி இருக்கும், இழப்பு போக 23. ஆக 18 வாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், ஃபைபர் பெட்டி மட்டும் 9 வாட் என்றால் இரண்டரை மணி நேரம். '10000 எம்ஏஹெச்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. வாங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: வோல்ட் 12தானா, ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கிறதா, பின் அளவு 5.5க்கு 2.1 மில்லிமீட்டரா 2.5ஆ. நடுப்பின் பாசிட்டிவ் என்ற குறியும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போது ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சின்ன சுவிட்ச் பல மாடல்களில் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து ரூட்டர் தாங்கும். வோல்டேஜ் அடிக்கடி தாழும் ஊரில் அப்படி வைத்தால் இன்வெர்ட்டர் தேவையில்லாமல் பேட்டரிக்குப் போகும் என்பதும் உண்மை. அங்கே மினி யுபிஎஸ்ஸே நல்லது.

இவ்வளவும் செய்தும் தெருவில் கரண்ட் போனால் நெட் போகிறது என்றால், உங்கள் லைன் உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் ஏதோ ஒரு மின்பெட்டி வழியாக வருகிறது. ஜிபானில் வழியில் இருக்கும், ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆபரேட்டரின் ரூமில் உள்ள கருவிக்கோ, கம்பத்தில் மாட்டிய சுவிட்சுக்கோ தேவை. அதற்குப் பேக்கப் இருக்கிறதா என்பதை கனெக்ஷன் எடுக்கும் முன்பே கேளுங்கள்.

அப்லோடு ஓடும்போது கால் கரகரத்தால்

ஸ்பீட் டெஸ்ட் அழகாக இருக்கும், யாராவது கல்யாண போட்டோ முழுவதையும் கிளவுடில் ஏற்றும்போது மட்டும் ஜூம் கால் உடையும். ஒரு பக்கம் பெரிய ஃபைலை அப்லோடு போட்டுவிட்டு மறுபக்கம் 8.8.8.8க்கு (கூகுளின் சர்வர் முகவரி) பிங் ஓட்டுங்கள், அதாவது பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 15 மில்லி செகண்டில் இருந்தது 300க்குப் போனால், ரூட்டர் பாக்கெட்டுகளை வரிசையில் தேக்கி வைக்கிறது. இந்தத் தேக்கத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரூட்டர் என்றால் அதை ஆன் செய்து, அளந்த அப்லோடு, டவுன்லோடு வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். பத்து சதவீதம் விட்டுக்கொடுத்தால் கால் தெளிவாகும். மலிவு ரூட்டரின் பிராசஸர் 300க்கு மேல் இந்த வேலையைத் தாங்காமல் திணறலாம், அதையும் டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டே விடுங்கள்.

நெட் போனால் தேடும் வரிசை

பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் லைட் சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை: ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது பீரோ நகர்த்தும்போது மடங்கியிருக்கிறது. ரீஸ்டார்ட் பண்ணிப் பயனில்லை. பான் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவாகவில்லை. அது கம்பெனி வேலை.

லைட் எல்லாம் சரி என்றால் ரூட்டரின் முகவரியான 192.168.1.1க்கு வைஃபையில் பிங் போடுங்கள். 1லிருந்து 5 மில்லி செகண்டுக்குள் சீராக இருக்க வேண்டும். 100, 200 என்று துள்ளினால் வீட்டுக்குள் வைஃபையில் கோளாறு. அது சீராக இருந்து 8.8.8.8 மட்டும் வராவிட்டால் வெளிப் பக்கம். 8.8.8.8 வந்து வெப்சைட் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை), ரூட்டரில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கையால் போட்டால் சரியாகும்.

புகார் எண்ணுக்குப் போன் போடும்போது கையில் மூன்று விவரம் இருக்கட்டும்: லேன் கேபிளில் நேரடியாக எடுத்த வேகம், அதை எடுத்த நேரம், இன்றைய ஒளி அளவும் லைன் போட்ட அன்று எடுத்த போட்டோவில் இருக்கும் அளவும். மைனஸ் 19ஆக இருந்தது மைனஸ் 27ஆகியிருக்கிறது என்று சொன்னால் 'ரூட்டரை அணைத்துப் போடுங்கள் சார்' என்பதைத் தாண்டி, லைன்மேனை அனுப்பும் பேச்சுக்கு வருவார்கள்.